இந்தா, கிட்டத்தான் அண்ணே!

கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. அதனால் இதில் நடுநிலைமை எதிர்பார்க்காதீர்கள்.

கொழும்பிலிருந்து வந்த சொந்தக்காரர்களுக்கு ஜூலியா மார்கரெட் கமரனின் கல்லறையைக் காட்டலாம் என்று கிளம்பினோம். 1879இல் டிக்கோயாப் பக்கம் காலமாகி, பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமாகியிருக்கும் அந்தப் புகைப்படக் கலைஞரைப் பற்றி எனக்கு ஒரு முக்கியமான கருத்து உண்டு. பிறகு சொல்கிறேன்.

முதலில் கைட். கண்டிப் பக்கம் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற பீக்கோ ட்ரெயில் நடைபாதை, 22 கட்டமாக, 300 கிலோமீட்டருக்கு மேல் வந்தாலும் வந்தது, தோட்டத்தில் சும்மா இருந்த பொடியன்களுக்கெல்லாம் ஒரு பிழைப்புக் கிடைத்திருக்கிறது. சந்தோஷம். நம்ம தம்பியும் தொப்பி, விசிலோடுதான் வந்தான்.

"எவ்வளவு தூரம் தம்பி?"

"இந்தா, கிட்டத்தான் அண்ணே. குறுக்கால போனா பத்து நிமிஷம்."

பத்து நிமிஷத்தில் ஒரு மலை ஏறினோம். "அந்த முடக்கு தாண்டினா சரி" என்றான். முடக்கைத் தாண்டினால் ஓர் ஆறு. "இனி ஏத்தமே இல்ல" என்றான். உண்மைதான், செங்குத்தான இறக்கம். இறங்கி முடித்தால் எதிரே மறுபடியும் மலை. அதற்கும் ஒரு குறுக்கு வைத்திருந்தான். கவ்வாத்து வெட்டிய மலைக்குள் புகுந்து, மிலாறு காலைக் கிழிக்க, கானுக்குக் கான் தாவினோம். "இந்த மாசம் அட்டை இருக்காது" என்று அவன் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சித்தியின் வெள்ளைச் சொக்ஸில் மூன்று அட்டைகள் நிமிர்ந்து நின்று வழி பார்த்தன. "கோயில் மணிக்கூண்டு தெரியுது பாருங்க" என்றான். தெரிந்தால் போதுமா? எங்கள் வாசலில் நின்றால் சிவனொளிபாதமலைகூடத்தான் தெரிகிறது. எதிரே கொழுந்து மூட்டையோடு வந்த அக்காவிடம் கேட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே, "இந்தா, கிட்டத்தான்" என்றார். இதை நீங்களும் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பீர்கள். நன்றாக இருங்கள்.

நடுவில் ஒரு லயம். தம்பி அனுராதபுரத்து இடிபாட்டைக் காட்டுவதுபோல் கையை நீட்டி, "வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், நூறு வருஷத்துக்கு மேல பழசு" என்றான். உடனே எல்லோருடைய போனும் மேலே எழுந்தது. இஸ்தோப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த பாட்டி நிமிர்ந்து பார்த்து, "ஆமா, பழசுதான். ஒழுகுது" என்றார். அதை யாரும் படம் எடுக்கவில்லை. மச்சினிக்கு ஒரு கொழுந்துக் கூடை கிடைத்தது. தலையில் மாட்டி, வெறும் கிளையைக் கிள்ளுவதுபோல் நின்று, பதினைந்து படம். கூடைக்காரி வெயிலில் காத்துக்கொண்டிருந்தார். கமரன் காலத்தில் படம் எடுக்க வேண்டுமென்றால் எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டுமாம். இங்கே எடுக்கிறவர்கள்தான் அசைய மாட்டேன் என்கிறார்கள்.

பிறகு சொல்கிறேன் என்ற கருத்து இதுதான்: கமரன் இலங்கையில் எடுத்த படங்களில் உள்ள உள்ளூர்க்காரர்கள் பலருக்குப் பெயரே பதிவாகவில்லை. அந்தப் பாட்டியின் பெயரை நம்மில் யாராவது கேட்டோமா என்று அங்கேயே சண்டை பிடிக்கத்தான் நினைத்தேன். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கல்லறையும் போச்சு, கருத்தும் போச்சு. தம்பி மட்டும் குடைக்குள்ளிருந்து, "இன்னும் கொஞ்சந்தான் அண்ணே" என்றான்.

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு பஸ் ஓடுகிறது. அதில் போங்கள்.