அழுகையும் ஜெபம்தான்

கே: தினம் எத்தனை சங்கீதம் வாசித்தால் போதும்?

ப: 6-ம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு வாரத்துக்கு 150-ம் என்று விதித்தார். ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகம் ஒரு மாதம் அவகாசம் தருகிறது. உங்களுக்கு நாளுக்கு ஒன்று போதும். 117-ம் சங்கீதத்துக்கு இரண்டே வசனம்; எவ்வளவு அவசர நாளிலும் சாக்கு சொல்ல முடியாது! 119-க்கு 176 வசனம். எட்டெட்டாக 22 பகுதி. அதை மட்டும் நாளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

கே: வாசித்து முடித்ததும் ஒன்றும் நினைவில் இல்லை. இதுவா தியானம்?

ப: வாய்விட்டு வாசியுங்கள், இவை பாடுவதற்கென்றே பிறந்தவை. பெரும்பாலான வசனங்களில் முதல் பாதி சொன்னதை இரண்டாம் பாதி வேறு விதமாகச் சொல்லும், அல்லது இன்னும் ஒரு படி ஏற்றும். நடுவே ஒரு மூச்சு நில்லுங்கள். மடங்களில் அப்படித்தான் ஓதுகிறார்கள். எந்த வசனம் உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ, அதோடு அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். பஸ்ஸிலும் சமையற்கட்டிலும் அதையே முணுமுணுங்கள். மீதி எங்கும் ஓடிவிடாது.

கே: வீட்டில் சாவு. துதிக்க வாய் வரவில்லை. பாவமா?

ப: இல்லவே இல்லை. சங்கீதங்களில் அதிகம் இருப்பதே புலம்பல்தான். 88-ஐத் திறந்து பாருங்கள்: முடிவும் இருள்தான். கடைசியில் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. ஆனால் அத்தனை அழுகையும் கர்த்தரிடமே அழுதது. அதனால் அது ஜெபம். சிலுவையில் இயேசுவின் வாயில் வந்ததும் 22-ன் முதல் கதறல்தானே?

கே: 137-ன் பழிவாங்கத் துடிக்கும் கடைசி வசனம் பயமுறுத்துகிறது. அதையுமா ஜெபிப்பது?

ப: எருசலேமைப் பறிகொடுத்து, பாபிலோனுக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களின் குரல் அது. அந்த வன்மம் நமக்குள் இல்லவே இல்லை என்று நடிக்க வேண்டாம். எதிரியின் வாசலில் போய்க் கத்த நினைப்பதைக் கர்த்தர் முன் கொட்டிவிடுங்கள். நியாயம் தீர்ப்பது அவர் வேலை. கல்லெடுப்பது நம் வேலை இல்லை.

கே: மனநிலைக்கு ஏற்றதை மட்டும் பொறுக்கி வாசிக்கலாமா?

ப: 23-ம் 91-ம் இருக்கும் பக்கங்கள் மட்டும் கசங்கிப்போன பைபிள்கள் எத்தனையோ! வரிசையாகவும் வாசியுங்கள். நீங்கள் மகிழ்ச்சியாக இருக்கும் நாளில் புலம்பல் வந்தால், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவருக்காக அதைச் சொல்லுங்கள். உங்கள் வாய் அடைத்துப்போகும் நாளில் உங்களுக்காக வேறொருவர் சொல்லிக்கொண்டிருப்பார். நாளைக் காலை முதல் சங்கீதத்தில் தொடங்குங்கள்.