வேம்படி அம்பாசிடர்: விற்றலா முடித்தலா என்பது குறித்து ஓர் ஆய்வு

ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில், மழை எப்போது வரும் என்பதற்கு அடுத்தபடியாக, விடை தெரியாமலே நெடுங்காலம் பேசப்பட்டுவரும் கேள்வி ஒன்று உண்டு. பிரித்துப் போட்ட பழைய காரைப் பூட்டி ஓட்டுவதா, கிடக்கிற கோலத்திலேயே விற்றுத் தொலைப்பதா? மழையைப் பற்றியாவது வானிலை ஆய்வு மையம் தினமும் ஏதோ ஒன்று சொல்கிறது. காரைப் பற்றிச் சொல்லத் துறையும் இல்லை, இருக்கையும் இல்லை. இருக்கை என்று இங்கே குறிப்பது பல்கலைக்கழக இருக்கையை. கார் இருக்கையும் இல்லைதான், அது மச்சில் கிடக்கிறது. இப்பெருங்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் வரையறை. பழுதான கார் வேறு, நின்ற கார் வேறு. பழுதான கார் ஓட முயன்று முடியாமல் போனது. நின்ற கார், நன்றாக்குகிறேன் என்று ஒருவர் கைவைத்ததால் நின்றது. இதை அடையாளம் காண்பது எளிது. வண்டி வேப்பமரத்தடியிலும், பானட் மாட்டுத்தொழுவிலும், கதவுகள் கட்டிலுக்கு அடியிலும், நட்டும் போல்ட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் இருக்கும். கூரை மட்டும் வண்டியோடு இருக்கும், அதில் மிளகாய் வத்தல் காயும். ‘இந்தத் தையில முடிச்சிரணும்’ என்று உரிமையாளர் சொல்வார். எந்தத் தை என்பது ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டது.

முன்னோர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பது மேலோட்டமான பார்வை. ஐந்திணைக்கு வகுத்த உரிப்பொருள் ஐந்தும் ஒரே காரின் வாழ்வில் வரிசையாக வருவதை உரையாசிரியர் எவரும் கவனிக்கத் தவறிவிட்டனர் என்பதே உண்மை. வாங்கிய புதிதில் குறிஞ்சி, அதாவது புணர்தல். பிரித்துப் போட்டபின் முல்லை, அதாவது இருத்தல். இங்கே தலைவிக்குப் பதிலாகத் தலைவனே மரத்தடியில் அமர்ந்து, சென்னை புதுப்பேட்டையிலிருந்து உதிரிபாகம் வரும் வழி நோக்கி இருப்பான். உளுந்து காயப்போட இடமில்லை என்று வீட்டுக்காரி தொடங்கினால் மருதத்து ஊடல். இவ்வூடலுக்குப் பரத்தை காரணமல்லள், பாதி டிங்கரிங் செய்த பின்கதவே காரணம். அதே மாடல் வண்டி ஒன்று பளபளவென்று எட்டயபுரம் சாலையில் போவதைக் கண்டால் நெய்தலின் இரங்கல். விற்றால் பாலையின் பிரிதல். ஓட்டப்பிடாரம் கரிசல் பூமி, கடலும் அதிக தொலைவில்லை. ஆதலால் இங்கே திணைமயக்கம் இயற்கை.

எதிர்க்கரையையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், ஆஸ்டின் ஏ 40 கார்களையும் மோரிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெட்ரோல், அப்புறம் மண்ணெண்ணெய்ப் புகை. அந்த வண்டிகள் நம்முடையவற்றைவிட மூத்தவை, உதிரிபாகமும் கிடைக்காதவை. ஆனாலும் நிற்கவில்லை. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேறு வண்டி இல்லாத ஊரில் கார் நிற்க நேரமில்லை. வாசலில் இன்னொரு வண்டி ஓடுகிற நிலையில் இருக்கும் வீட்டில்தான் பழைய கார் நிற்கிறது என்ற கருதுகோளை இதிலிருந்து பெறுகிறோம். கள ஆய்வில் இதற்கு மாறான சான்று கிட்டவில்லை.

உள்ளூர் முன்னோடி வழக்கு

ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-இல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908-இல் அவரைச் சிறைப்பிடித்தார்கள். 1911-இல் கம்பெனி கலைந்தது, கப்பல்கள் விலைபோயின. அவற்றில் காலியா எந்தக் கம்பெனியை எதிர்த்து ஓடியதோ அந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கே போனது என்பது இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லப்படும் செய்தி.

கப்பலையும் வேப்பமரத்தடி காரையும் ஒரே தராசில் வைப்பது அடாது என்று நடுவர் குழு ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் ஏற்கப்படுகிறது. ஆனாலும், விற்பதில் எங்கே வலிக்கிறது என்பதை அறிய இதைவிட நல்ல சான்று கிடைக்காது. பொருள் கையைவிட்டுப் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். யார் கைக்குப் போகிறது என்பதைத்தான் தாங்க முடியாது. பழைய காருக்கு நல்ல விலை கேட்டு வருபவர் பெரும்பாலும் பங்காளியாகவோ, ‘இது எங்க ஓடப் போவுது’ என்று முதல் நாளே சிரித்தவராகவோ இருப்பார். அவருக்கு விற்பதைவிடக் காயலான் கடையில் எடைக்குப் போடலாம் என்பதே பொதுக்கருத்து. எடைக்குப் போடவும் மனம் வராது.

விலை பற்றியும் ஒரு வார்த்தை. அம்பாசிடர் உற்பத்தியை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-இல் நிறுத்தியது. 2017-இல் ‘அம்பாசிடர்’ என்ற பெயரை மட்டும் பிரெஞ்சு பெஜோ குழுமத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்றது. வெறும் பெயருக்கு 80 கோடி. அந்தப் பெயரோடு கூடவே ஒரு வண்டியும் இருந்தால், இரும்பு விலை. பொருளாதாரத் துறையினர் இதை விளக்க வேண்டும்.

துரு, சட்டம்

தூத்துக்குடி உப்புக்குப் பெயர்போன ஊர். நாட்டில் அதிகமாக உப்பு விளையும் இடங்களில் ஒன்று. அந்த உப்புக்காற்று கரிசல் பக்கமும் வரும். இரும்பின் மேல் படியும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத ஊரிலும் துருவுக்கு வறட்சி இல்லை. இதில் அம்பாசிடரின் ஜாதகம் கொஞ்சம் பொல்லாதது. மோரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து பிறந்த வண்டி அது. அதற்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, பாடியே எலும்பு. பிளாட்பாரத்தில், அதாவது அடித்தகட்டில், ஓட்டை விழுந்தால் கால்மிதியில் விழுந்த ஓட்டை என்று நினைத்துவிடக் கூடாது, முதுகெலும்பில் விழுந்த ஓட்டை. சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு நேர்மாறு. சேஸிஸ் தனி, மேலே பாடி துண்டுதுண்டாக போல்ட் போட்டுப் பூட்டியது, பானட் முழுசாக முன்பக்கம் கவிழும். பிரிக்க அவ்வளவு லேசு. அந்த லேசில் மயங்கிப் பிரித்தவர்கள்தான் இன்று ஹெரால்டு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் என்பது இவ்வாய்வாளரின் ஐயம்.

பாடி பிழைத்தாலும் மற்றவை காத்திருக்கின்றன. நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரம் குடித்து வீல் சிலிண்டரை இறுக்கிவிடும். டாங்கில் பெட்ரோல் பிசினாகும். வயரை எலி தின்னும். இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வந்து, அந்தக் காலத்து ரப்பர் குழாய்களை ஒரு கை பார்க்கிறது. ஓடினால் தேயும், நின்றால் கெடும் என்று நூற்பா ஒன்றை நாமே இயற்றி, அதற்கு உரை எழுதாமல் விடலாம்.

சட்டத்தின் நிலை தத்துவார்த்தமானது. 50 வயது கடந்த சொந்த உபயோக வாகனங்களுக்கென்று மத்திய அரசு 2021-இல் தனிப் பதிவு விதிகள் கொண்டுவந்தது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகள், பத்தாண்டுக் காலம் செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. பதிவு செய்தபின் தினசரி ஓட்டவும் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். இதன் பொருளை ஆழ்ந்து நோக்குக. வேலை அரைகுறையாக இருந்தால் வண்டி ஓடாது. அளவுக்கு மீறி வேலை செய்தால் அசல் என்ற பெயர் போய்விடும். சரியான அளவில் செய்தால், ஓட்டக் கூடாது. அதுவரை ஏதோ மனக்குறையோடு மரத்தடியில் அமர்ந்திருந்த உரிமையாளர், இவ்விதியைப் படித்தபின் தாம் சட்டத்துக்கு ஏறத்தாழ முழுமையாகக் கட்டுப்பட்டு நடப்பதை உணர்ந்து ஆறுதல் அடைகிறார்.

முத்துச்சலாப முறை

இனி இக்கட்டுரையின் பங்களிப்பு. விற்பதா முடிப்பதா என்பதைத் தீர்க்க வெளிநாட்டு முறை எதுவும் வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாக் கரை இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது.

தூத்துக்குடியில் சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, வருடந்தோறும் நடந்ததில்லை. கடைசிச் சலாபம் 1961-இல். சலாபம் அறிவிக்கும் முன் அதிகாரிகள் கடலுக்குள் சிப்பி வளரும் திட்டுகளான பார்களைச் சோதிப்பார்கள். குளியாட்களை இறக்கி மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுப்பார்கள். அதை அழுக விட்டுக் கழுவி, கிடைத்த முத்தைச் சல்லடையில் தரம் பிரித்து, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு ரூபாய் முத்து என்று மதிப்புப் போடுவார்கள். கட்டுபடியானால்தான் சலாபம். சிப்பி இளசாயிருந்தால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அதற்கும் ஒரு தவணை உண்டு. நான்கைந்து வயதுக்குள் எடுக்காவிட்டால் சிப்பி தானாகச் செத்துப்போகும், முத்து மண்ணில் கலந்துவிடும். சலாபம் நடந்தால், கரையில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. பிரித்துப் போட்ட கார் விற்பனையின் இலக்கணம் முழுவதும் இங்கே அடங்கிவிட்டது.

இதிலிருந்து பெறும் விதி இது. முழுக் காரையும் நினைத்துக் கணக்குப் போடாதே, ஒரே ஒரு கதவை எடு. டிங்கரிங், பட்டி, பிரைமர், பெயிண்ட், பீடிங், பூட்டு, கண்ணாடி என்று எல்லாம் முடித்துத் தொங்கவிடு. ஆன செலவையும் ஆன நாளையும் எழுது. அதுதான் ஆயிரம் சிப்பி விலை. மிச்சமுள்ள வேலை எத்தனை கதவுக்குச் சமம் என்று பட்டறைக்காரரிடம் கேட்டுப் பெருக்கு. இச்சோதனையின் அழகு, அது காரைச் சோதிப்பதாகப் பாவனை செய்துகொண்டு ஆளைச் சோதிப்பதில் இருக்கிறது. துரு எவ்வளவு என்பது ஒரு ஸ்குரூ டிரைவர் வைத்துக் குத்தினாலே தெரிந்துவிடும். நாலாம் முறை பட்டறைக்குப் போய் ‘இன்னும் பீடிங் வரல அண்ணாச்சி’ என்ற பதிலைக் கேட்டுவிட்டு, ஐந்தாம் முறையும் போகும் நெஞ்சுரம் உரிமையாளருக்கு உண்டா என்பதே அறிய வேண்டியது. கதவே முடியவில்லை என்றால், சலாபம் இல்லை. விற்றுவிடலாம்.

இம்முறையைப் பரிசோதிக்க, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் மார்க் டூ அம்பாசிடர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவர் தகப்பனார் வாங்கிய வண்டி. டிரைவர் பக்கக் கதவு மாதிரியாக எடுக்கப்பட்டது. கம்பளத்தை உரித்தபோது பிளாட்பாரம் வழியாகக் கரிசல் மண் தெரிந்தது. ‘காத்தோட்டமா இருக்கும்லா’ என்றார் ஆசிரியர். என்ஜின் இறுகியிருந்தது. பிளக்கைக் கழற்றி ஓட்டை வழியே டீசல் ஊற்றி ஊறப்போட்டு, மறுநாள் ஹேண்டில் போட்டதும் முனகிக்கொண்டே சுற்றியது. கதவு, சொன்ன மாதத்துக்கு ரொம்பத் தள்ளியே வந்து சேர்ந்தது. பெருக்கிப் பார்த்ததில் வந்த தொகைக்கு ஓடுகிற கார் ஒன்று கிடைக்கும். முறை தன் தீர்ப்பைத் தெளிவாகச் சொன்னது: விற்க.

ஆசிரியரும் ஒப்புக்கொண்டார். வாங்க மதுரைக்காரர் ஒருவர் தயார், பங்காளியும் அல்லர். ஆனால் ஆர்.சி. இன்னும் தகப்பனார் பெயரில் இருந்தது. விற்பதற்கு முன் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். அதற்குப் படிவம் 31, வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம். மற்ற வாரிசு என்றால் மும்பையில் இருக்கும் மூத்த அக்கா ஒருவர்தான். போன் ஸ்பீக்கரில் போடப்பட்டது.

“ஏல தம்பி, கையெழுத்துக்கென்ன, போடுதேன். ஆனா அப்பா கார்ல ஒருவாட்டி என்னைய திருச்செந்தூருக்குக் கூட்டிட்டுப் போ. சன்னதி வாசல்ல வச்சுப் போட்டுத் தாரேன்.”

மெக்கானிக் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“அப்ப என்ஜினை எறக்கிருவோமா அண்ணாச்சி?”