ஓவியப் பள்ளியில் போசி செய்த கதை

1850-ல் சென்னையில் அலெக்சாண்டர் ஹண்டர் என்று ஒரு டாக்டர் இருந்தார். கும்பினி ராணுவத்துக்கு வைத்தியம் பார்க்க வந்தவர். நாடி பிடித்து அலுத்துப்போனதோ என்னவோ, அந்த வருஷம் மே மாதம் பிராட்வேயில் சொந்தக் காசைப் போட்டு ஓர் ஓவியப் பள்ளி ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கு எழும்பூரில் பூந்தமல்லி நெடுஞ்சாலை மேல் செக்கச்செவேலென்று நிற்கிற அரசு கவின்கலைக் கல்லூரிக்கு அவர்தான் மூலவர். நாட்டிலேயே பழைய ஓவியக் கல்லூரி என்று விழா மேடைகளில் சத்தமாகச் சொல்வார்கள். ஆரம்பித்தவர் மருந்து கலக்கிக் கொடுத்தவர் என்பதை மட்டும் மெதுவாகச் சொல்வார்கள்.

நான் சென்னிமலைக்காரன். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய ஊர். மெதுவாகச் சொல்ல வராது.

ஹண்டரின் பள்ளியில் பையன்கள் உட்கார்ந்து பூவும் காயும் வரைந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். அடுத்த வருஷமே தொழிற்பிரிவு ஒன்றைச் சேர்த்தார். எந்த ஊர் மண்ணில் ஜாடி வரும், எந்த மண்ணில் ஓடு வரும், எந்தக் களிமண் சூளை நெருப்பைத் தாங்கும் என்று சோதனை. அது சலித்தபோது கற்றாழை நார், வாழை நார் என்று சோதனை. பிறகு போட்டோ. 1856-ல் சென்னையில் போட்டோ சங்கம் தொடங்கியதும் இதே ஆள்தான். பள்ளியிலும் பையன்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். படம் வரையப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பிய பையன், பொழுது சாய ஒரு கையில் களிமண்ணும் மறு கையில் வெள்ளி நைட்ரேட் கறையுமாகத் திரும்பியிருப்பான். கறை பத்து நாளைக்குப் போகாது. அவன் அம்மா அந்த டாக்டரை என்ன சொல்லித் திட்டியிருப்பார் என்பது வரலாற்றில் இல்லை.

இதற்கிடையே சர்க்கார் பள்ளியை எடுத்துக்கொண்டது. பிறகு செனட் ஹவுஸ் கட்டிய கட்டடக்காரர் சிஸ்ஹோம் கொஞ்ச காலம் நடத்தினார். 1884-ல் ஹாவெல் என்பவர் தலைமைக்கு வந்தார். ஜில்லா ஜில்லாவாகப் போய்க் கைத்தொழிலாளிகளைப் பார்த்து அறிக்கை அறிக்கையாக எழுதினார். மரியாதைக்குரிய மனிதர்கள், விடுவோம். நமக்கு வேண்டியவர் ஆல்பிரட் சாட்டர்டன். இவர் இன்ஜினியரிங் வாத்தியார். டாக்டர் நடத்தியாயிற்று, கட்டடக்காரர் நடத்தியாயிற்று, மிச்சம் இருந்தது இன்ஜினியர்தான். அந்தக் குறையும் தீர்ந்தது.

1898-ல் சாட்டர்டன் ஓவியப் பள்ளிப் பட்டறையில் அலுமினியத் தகட்டைக் கொண்டுவந்து போட்டார். தட்டுங்கடா என்றார். பித்தளைப் போசியில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும், ஈயம் பூசுகிறவரைத் தேட வேண்டும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது, கனமும் இல்லை. டொக்கு டொக்கென்று தட்டி, குண்டாவும் போசியும் செய்து விற்றார்கள். விற்றது என்றால் சும்மா இல்லை. 1903-ல் ஒரு கம்பெனி அந்தப் பட்டறை வியாபாரத்தையே விலைக்கு வாங்கிக்கொண்டது. உங்கள் வீட்டு அட்டாலியில் நசுங்கிக் கிடக்கிற ஈயப்போசிக்கும் (அலுமினியத்துக்கு நம் பக்கம் அதுதான் பெயர்) பிக்காசோவுக்கும் தூரத்துச் சொந்தம் உண்டென்று சொன்னால் இனிமேலாவது நம்புங்கள். இரண்டும் ஓவியப் பள்ளி வாசலை மிதித்தவை.

அது முடிந்ததும் சாட்டர்டனுக்குக் கை நமநமத்தது. குரோம் தோல் பதனிட ஆரம்பித்தார். கவலை இறைக்கிற பறிக்கு அந்தத் தோல் தண்ணீரில் ஊறினாலும் தாங்கும் என்பது கணக்கு. கிணற்று மேட்டில் மாடு முன்னும் பின்னும் போய்வந்து தண்ணீர் இறைத்த காலத்தைப் பார்த்த கொங்கு நாட்டுப் பெரியவர்கள் இதைக் கேட்டால் கும்பிடுவார்கள். ஆனால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதே சாட்டர்டன்தான் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வையுங்கள் என்றும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கையால் பறிக்குப் புதுத்தோல், மறு கையால் பறிக்கே பாடை. கலைஞன் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்து கைத்தறி. இங்கேதான் என் காது நிமிர்கிறது.

பழைய தறியில் நாடாவைக் கையால் தள்ளி மறு கையால் பிடிக்க வேண்டும். நெசவாளியின் கை எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் துணியின் அகலம். அதற்கு மேல் அகலம் வேண்டுமானால் அந்தப் பக்கம் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். கயிற்றைச் சுண்டினால் நாடா தானாக ஓடுகிற தறியில் அந்தத் தொந்தரவு இல்லை. வேலையும் ஓடும், அகலமும் வரும். சென்னிமலைப் பெட்ஷீட் என்று இன்று ஊர் பேரோடு சேர்த்துச் சொல்கிறோமே, ஒற்றை ஆள் குழித்தறியில் உட்கார்ந்து அந்த அகலத்தை நெய்வது இந்தக் கயிறு வந்ததால்தான். சீமையில் 18-ஆம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்த சமாசாரம். நம் ஆட்களிடம் வந்து சேர நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆனது. ஹாவெலும் இதைத்தான் பிரசங்கம் பண்ணினார். சாட்டர்டன் செய்துகாட்டப் புறப்பட்டார். 1906-ல் சேலத்தில் ஒரு நெசவுக்கூடமே வைத்தார்.

அங்கே நடந்த பேச்சு இப்படி இருந்திருக்கும் என்று நானாகக் கற்பனை செய்து வைத்திருக்கிறேன்.

“மணி அடித்தால் வர வேண்டும். மணி அடித்தால் போக வேண்டும். கூலி கையில்.”

“ஏனுங்க தொரை, தறி எங்கூட்லயே இருக்குதுங்க. பாவு புனையறதுக்குப் பொண்டாட்டி இருக்குறா, தாரு சுத்தறதுக்குப் புள்ளைக இருக்குதுக. அத்தனையும் உட்டுப்போட்டு உங்க மணிச் சத்தங் கேக்க நா எதுக்குங்க வரோணும்?”

தொரையிடம் பதில் இல்லை. நெசவாளிகளுக்குப் புதுத் தறி பிடித்திருந்தது, மணிதான் பிடிக்கவில்லை. வெள்ளைக்கார வியாபாரிகளுக்கோ இரண்டுமே பிடிக்கவில்லை. சர்க்காருக்கு எதற்கு வியாபாரம் என்று கூச்சல் போட்டார்கள். லண்டனிலிருந்து இந்தியா மந்திரி மார்லி பிரபு 1910-ல் கடையை மூடச் சொல்லிவிட்டார்.

1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பள்ளியின் தலைமைக்கு வந்தார். ஓவியர், அதுவும் இந்தியர். என்றாலும் பள்ளியின் ராசி விடுமா? மனிதர் குஸ்தி போடுவார், வேட்டைக்குப் போவார், புல்லாங்குழல் வாசிப்பார். 28 வருஷம் அவர் ராஜ்ஜியம். மெரினாவில் நான்கு பேர் பாறையைப் புரட்டுகிற உழைப்பாளர் சிலை அவர் செய்ததுதான். அதற்கு மாதிரியாக நின்றவர்களில் கல்லூரிக் காவலாளி ஒருவரும் உண்டு என்பார்கள். சம்பளத்துக்கு வாசலில் நின்ற மனிதர், 1959 ஜனவரியிலிருந்து கடற்காற்றில் சம்பளமில்லாமல் கல்லைத் தள்ளிக்கொண்டிருக்கிறார். உழைப்பாளர் சிலைக்கு இதைவிடப் பொருத்தமான மாதிரி கிடைக்காது.

ராய் சௌத்ரிக்குப் பின் 1957-ல் கே.சி.எஸ். பணிக்கர். 1911-ல் பிறந்தது நம் கோயமுத்தூரில். தந்தி ஆபீஸ், இன்சூரன்ஸ் என்று வயிற்றுப்பாட்டுக்கு அலைந்துவிட்டு, 25 வயதில் ஓவியப் பள்ளியில் மாணவனாகச் சேர்ந்தவர். கட்டம் போட்டு, எழுத்து மாதிரி கிறுக்கி, ஜாதகம் போலவே படம் வரைவார். அதில் ஒன்றையும் வாசிக்க முடியாது. எங்கள் ஊர் ஜோசியரிடம் கொடுத்தால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “தோசம் இருக்குதுங்க, பரிகாரம் பண்ணிப்போடலாம்” என்பார்.

பணிக்கருக்கு வேறொரு தோஷம் கண்ணில் பட்டது. வருஷா வருஷம் பையன்கள் தேறி வெளியே போகிறார்கள். படம் யாரும் வாங்குவதில்லை. ஒருவன் விளம்பரப் பலகைக்கு, ஒருவன் டிராயிங் மாஸ்டர் வேலைக்கு. சூலூர்ப் பக்கத்திலிருந்து 1959-ல் வந்து சேர்ந்த பழனிச்சாமி என்கிற பையன் கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து கோபுரத்தை வரைந்தான், அசல் கைகாரன். 1965-ல் சினிமா அவனை சிவகுமார் என்று பெயர் மாற்றித் தூக்கிக்கொண்டு போய்விட்டது. முகம் நன்றாக இருந்தவனுக்கு வழி கிடைத்தது. மற்றவர்கள்?

மற்றவர்கள் துணியை எடுத்தார்கள். பாத்திக். மெழுகை உருக்கி, சூடு ஆறுவதற்குள் தூரிகையால் துணியில் படம் போட வேண்டும். சூடு அதிகமானால் கோடு பரவித் தொலையும், ஆறினால் துணிக்குள் இறங்காது. சாயத்தில் முக்கினால் மெழுகு இருக்கும் இடம் வெள்ளையாக நிற்கும். அடுத்த நிறத்துக்கு அடுத்த பூச்சு. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகைக் கழற்றுவது. துணியைக் கசக்கும்போது மெழுகு வெடித்து, விரிசல் வழியாகச் சாயம் நுழைந்து சிலந்தி வலை மாதிரி கோடு விழும். சென்னிமலைச் சாயப்பட்டறையில் சாயம் அப்படித் திட்டுத் திட்டாக ஏறினால் கூலி பிடிப்பார்கள். சென்னைக் கடையில் அதற்குத்தான் விலை.

அடுப்பும் மெழுகு வாடையுமாகக் கிடந்து, கைவினைச் சங்கம் ஒன்று வைத்து, விற்ற காசைச் சேர்த்தார்கள். 1966-ல் ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினார்கள். அதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். காலையில் துணி, சாயங்காலம் தூரிகை. அந்தக் கிராமத்தைப் பற்றிய புத்தகங்கள் நவீனத்துவம், மரபு, தேடல் என்று பக்கம் பக்கமாகப் பேசும். நான் சொல்வது ஒன்றுதான்: மனை வாங்கிக் கொடுத்தது ஓவியம் இல்லை, துணி.

அதற்கு முன்பே சர்க்காரும் நெசவாளர் சேவை மையம் என்று திறந்து, ஓவியர்களைச் சம்பளத்துக்கு வைத்துத் துணிக்கு டிசைன் போடச் சொன்னது. ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம் போன்றவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். வீட்டில் அரூபம், ஆபீசில் பார்டர்.

எங்கள் ஊர் டிசைன்காரர்களுக்கு இந்த இரட்டை வாழ்க்கை கிடையாது. கட்டத்தாளை விரித்து, கட்டம் கட்டமாகச் சாயம் அடைத்து மயிலை நிறுத்துவார்கள். அந்தக் கட்டங்களைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் ஓட்டை போட வேண்டும். அட்டைகளைக் கோத்துத் தறி மேல் தொங்கவிட்டால், ஓட்டை இருக்கிற இடத்தில் இழை எழும்பும். ஓர் ஓட்டை தப்பினால் மயிலுக்கு மூக்கு கோணும். ஒரு மயிலுக்கு அல்ல. அந்த அட்டையில் நெய்கிற அத்தனை மயிலுக்கும். ஓவியக் கண்காட்சியில் கோணல் மூக்கைப் பார்த்துவிட்டு ஆகா என்று தலையாட்டலாம். நெசவாளர் சொசைட்டியில் பெட்ஷீட்டைத் திருப்பிப்போடுவார்கள்.

பேர் வைப்பதிலும் இதே வித்தியாசம்தான். 1984 பிப்ரவரியில் எங்கள் மலையில் 1320 படிகளையும் இரண்டு மாடுகள் வண்டியோடு ஏறின. பக்தர்கள் முருகன் அருள் என்றார்கள், அது அவர்கள் கணக்கு. எழும்பூரில் யாராவது அதைச் செய்திருந்தால் நிகழ்த்துகலை என்று பேர் வைத்து நான்கு கட்டுரை வந்திருக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போசி தட்டி, தோல் ஊறவைத்து, மெழுகு காய்ச்சிய அந்தக் கல்லூரியில் இன்று ஓவியம், சிற்பத்தோடு ஜவுளி வடிவமைப்புக்கும் பட்டப்படிப்பு இருக்கிறது. கும்பகோணத்திலும் ஓர் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. பிளஸ் டூ போதும். வரைந்து காட்டச் சொல்வார்கள். தறிவீட்டுப் பிள்ளைகளே, விண்ணப்பம் போடுங்கள். பெத்தவங்களே, கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். பையன் கெட்டுப்போனாலும் துணிக்குள்தான் கெட்டுப்போவான்.