உதைபட்ட பூனையும் உயர்ந்த சம்பளமும்

மிருகவதையில் சிக்கும் பிரபலங்களுக்குக் கூடுதல் தண்டனை வேண்டும் என்போர், அப்போது இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் கழகத்தில் ஆடிய கால்பந்து வீரர் கர்ட் ஸூமாவின் 2022ஆம் ஆண்டு வழக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம். வீட்டுச் சமையலறையில் வளர்ப்புப் பூனையைப் பந்தாகப் பாவித்து உதைத்து, அதைத் தம்பி படம்பிடிக்கவும் இடம் கொடுத்த அவர், 2022 பிப்ரவரியில் அக்காணொளி வெளியாகி ஊரே காறித் துப்பிய மறுநாளே களமிறக்கப்பட்டார், அணியும் வென்றது. கழகம் விதித்த 2,50,000 பவுண்டு அபராதம் மலைக்க வைக்கும் தொகைதான், அது அவருடைய இரண்டே வாரச் சம்பளம் என்று தெரியும்வரை.

மிருகவதைக்கான உச்சத் தண்டனையை ஆறு மாதச் சிறையிலிருந்து ஐந்தாண்டாக அந்நாட்டுச் சட்டம் 2021இல்தான் உயர்த்தியிருந்தது. நீதிமன்றமோ 180 மணி நேரச் சமூகப்பணியை, அதாவது சிறைக்கு மாற்றான ஊதியமில்லாப் பொதுவேலையை, விதித்ததோடு, ஐந்தாண்டு என்ற எண்ணையும் வீணாக்காமல் பூனை வளர்ப்பதற்கான தடைக்காலமாக்கியது. அடிடாஸ் ஒப்பந்தம் போனதே போதிய தண்டனை என இரங்குவோரும் உண்டு. அவர்கள் கணக்குப்படி, இழப்பதற்குக் காலணி ஒப்பந்தம் ஏதுமில்லாத சாமானியன் பூனையை உதைத்தால் அவனுக்குச் சிறை ஒன்றே மிச்சம்.