ஹாரன் எதுக்கு, பிரேக் இருக்குதே!

வா மாப்ள, திண்ணையில உக்காரு. நீ வர்றது அரிசி மில் முக்கு திரும்பும்போதே தெரிஞ்சுபோச்சு. உன் குட்டி யானைக்கு ஹாரன் எதுக்கு? பிரேக்கை மிதிச்சாலே கரகரன்னு தெரு ஒதுங்குது. விடிகாலையில பாவு விரிச்சுக்கினு இருந்தவங்ககூட உன் சத்தம் கேட்டு ஓரமாப் போயிட்டாங்களாம். ஆரணியில கலெக்டருக்குக்கூட அந்த மரியாதை கிடைச்சதில்ல.

அதுக்கு நீ செஞ்ச வைத்தியமும் கேள்விப்பட்டேன். பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வச்சுட்டியாமே! பலே. பாட்டு தீர்றதுக்குள்ள டிஸ்க் தீர்ந்துடும், ரெண்டுக்கும் சேத்து ஒரே செலவு.

எனக்கு ஒண்ணுதான் புரியல. தறிக் குழியில உக்காந்தா, பாவுல ஒரு இழை அறுந்தாலும் உன் கை தானா நின்னுடுது. நாடா ஓடுற சத்தம் துளி மாறினா திரும்பிப் பாக்குற. அந்தக் காதை ஸ்டியரிங் பிடிக்கும்போது மட்டும் எங்க கழட்டி வைக்கிற?

இப்ப சொல்லு, எப்ப கரகரங்குது? ராத்திரி மழையில நின்ன வண்டி காலையில ரெண்டு மூணு மிதிக்கு உறுமிட்டு அடங்கினா அது டிஸ்க்குல படிஞ்ச துரு, தேஞ்சு போயிடும், விடு. பிரேக்கே தொடாம ஓடும்போதும் கரகரன்னு வந்தா, டிஸ்க்குக்கும் பின்னாடி இருக்கிற தகட்டுக்கும் நடுவுல ஜல்லி மாட்டியிருக்கலாம். ரோடு போட்ட இடத்துல எல்லாம் போய் வந்தவன்தானே நீ. வளைவுல ஒரு பக்கம் திருப்பினா ஏறி, மறுபக்கம் திருப்பினா இறங்குற உறுமல் வேற. அது பெரும்பாலும் வீல் பேரிங். அதுக்குப் போய் பேடு மாத்திட்டு, மறுபடி அதே சத்தம் கேட்டதும் கடைக்காரனைத் திட்டாதே.

மிதிச்சா மட்டும்தான் கரகரப்பா? போச்சு. பேடு தேஞ்சு, இரும்பு இரும்பைக் கடிக்குது. அதுக்கு முன்னாடியே கீச்சு கீச்சுன்னு ஒரு சத்தம் வந்திருக்குமே? சில பேடுல அதுக்குன்னே ஒரு சின்னத் தகடு வச்சிருப்பான், தேஞ்சதும் டிஸ்க்கைச் சுரண்டி உன்னைக் கூப்பிட. அப்ப நீ ஜன்னலை ஏத்திக்கினே.

சரி, வீட்டிலேயே கழட்டிப் பாக்கணும்னு ஆசை. செய். மேடு பள்ளம் இல்லாத தரை, கெட்டியா ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை. சக்கரம் தரையில இருக்கும்போதே நட்டைக் கொஞ்சம் இளக்கு, அப்புறம் ஜாக்கி போடு. தூக்கினதும் அடியில ஸ்டாண்டு வை. ஹாலோ பிளாக் வேணாம், அது சொல்லாம நொறுங்கும். ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில தலை விடுற வீரர்கள் ஊர்ல இருக்காங்க. உனக்கு இன்னும் சீட்டுப் பணம் பாக்கி இருக்கு, நீ விடாதே.

சக்கரத்தைக் கழட்டிட்டு காலிப்பர் வழியா எட்டிப் பாரு. இரும்புத் தகட்டை விட்டுட்டுத் தேயுற பாகம் மட்டும் 3 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா மாத்து. வெளிப் பேடை மட்டும் பாத்துட்டு எழுந்துடாதே. உள் பேடு காகிதமா இருக்கலாம். ஒண்ணு தேஞ்சு ஒண்ணு புதுசா இருந்தா, பெரும்பாலும் காலிப்பர் நகர்ற பின் இறுகிக் கிடக்குதுன்னு அர்த்தம். அதைச் சுத்தம் பண்ணி அதுக்குன்னு விக்கிற கிரீஸ் வைக்காம புதுப் பேடு போட்டா, அதுவும் அதே மாதிரிதான் தேயும். கிரீஸ் பின்னுக்கு மட்டும். பேடுமேல பட்டா சத்தம் நின்னுடும், வண்டிதான் நிக்காது.

கழட்டின காலிப்பரை டியூப்புல தொங்க விடாதே, கம்பி போட்டுக் கட்டு. டிஸ்க்குல நகம் மாட்டுற அளவுக்குப் பள்ளமா? அந்த டிஸ்க்குலயே குறைஞ்சபட்ச கனம் பொறிச்சிருப்பான். அதுக்குக் கீழ போனதைக் கடைசல் பிடிச்சுத் தாங்கன்னு லேத்துக்காரரைக் கெஞ்சாதே, புதுசு வாங்கு. பேடு வாங்கினா ரெண்டு பக்கத்துக்கும் வாங்கு. வலதுக்கு இப்ப, இடதுக்குத் தீபாவளிக்குன்னா வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கினு போகும்.

பிரேக் ஆயில் குறையுதுன்னு அப்பப்ப ஊத்தி நிரப்பினியே, ஞாபகம் இருக்கா? பேடு தேயத் தேய ஆயில் தானா இறங்கும், அது ஒரு சேதி. சேதி சொன்னவன் வாயை மூடிட்டே. இப்ப புதுப் பேடு மாட்ட காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளினா அந்த ஆயில் பொங்கி பெயிண்டைத் தின்னும், மூடியைத் திறந்து பாத்துக்கினே தள்ளு.

பின் சக்கரம் டிரம். அதைக் கழட்டும்போது ஹேண்ட் பிரேக்கை விடணும், கட்டை முன் சக்கரத்துக்கு மாறணும். உள்ளே இருக்கிற கருப்புத் தூளை ஊதித் தள்ளாதே, ஈரத் துணியால துடை. காலேஜ் படிக்கிற என் பேத்தி ஒரு கதை சொல்லுச்சு. இங்கிலாந்துல ஹெர்பர்ட் ஃப்ரூட்னு ஒருத்தர், வண்டிக்காரங்க பிரேக் கட்டையில பழைய பூட்ஸ் தோலை அடிச்சு ஓட்டறதைப் பாத்துட்டு, 1897ல பிரேக்குக் கட்டைக்குன்னே கம்பெனி ஆரம்பிச்சாராம். பருத்தி நெய்து, அதைக் கெட்டிப்படுத்தி லைனிங் செஞ்சாராம். நெய்த துணி, மாப்ள! நம்ம சாதி சனம்தான் முதல்ல வண்டியை நிறுத்தியிருக்கு. பின்னாடி சூடு தாங்கட்டும்னு கல்நார் கலந்தாங்க, அது நுரையீரலுக்கு எமன். பழைய லைனிங்ல இன்னும் இருந்தாலும் இருக்கும்.

பேடு ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ந்ததுன்னு என்னைக் கேக்காதே, மூட்டையைக் கேளு. 2005ல முதல் குட்டி யானை வந்தப்ப அது முக்கால் டன் வண்டி. 75 கிலோ நெல் மூட்டை பத்து. நீ ஏத்துறதை எண்ணினா எனக்கு மூச்சு வாங்குது. அதோட ஜமுனாமரத்தூர் மலையில டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டு இறக்குற. அந்த டீசல் காசைத்தான் பேடு தின்னுது. ஏறின கியர்லயே இறங்கு, இன்ஜின் பிடிச்சுக்கும். நீ படவேட்டுக்கு ஆடி வெள்ளிக்கு சனங்களை ஏத்துறேன்னு வேற சொல்லிக்கினு இருக்கே. ரேணுகாம்பாள் அம்மனுக்கு அன்னிக்கு வேற வேலை நிறைய இருக்கு.

எல்லாம் மாட்டியாச்சா? இன்ஜினை ஸ்டார்ட் பண்ணினதும் கிளம்பிடாதே. முதல் மிதி தரைக்குப் போகும், பிஸ்டன் உள்ளே தள்ளிக் கிடக்குது இல்ல? பெடல் கெட்டியாகிற வரைக்கும் நின்ன இடத்திலேயே மிதி. எதிர்ல இருக்கிற சுவர் உன் மாமனாருது, அவர் ஏற்கெனவே உன்மேல பிரியமா இல்ல. காலித் தெருவுல மெதுவா ஓட்டி, பத்திருபது தரம் பதமா அழுத்தி விட்டாத்தான் புதுப் பேடு டிஸ்க்கோட ஒட்டும். அதுக்கப்புறமும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா உள்ளே காத்து இருக்கு, அப்ப வீரம் காட்டாம மெக்கானிக்கைக் கூப்பிடு.

இன்னா, கிளம்பிட்டியா? போற வழியில அந்த ஜாக்கியைத் திண்ணையில வச்சுட்டுப் போ. அது என்னுது, போன தையில வாங்கிக்கினு போனது.