‘சி’ கிரேடு விளக்கவியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

அமெரிக்க மருத்துவக் கல்லூரி நேர்காணலில் “ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ஏன் ‘சி’?” என்று கேட்ட பிறகு, மாணவர் வாய் திறக்கும் வரை நிலவும் மௌனமே இவ்வாய்வின் களம். அதன் நீளம் ஒரு மிடறு தண்ணீர்.

முதலில் மூலபாடம். அந்த ‘சி’யை அழிக்க வழியில்லை. அதே பாடத்தை மறுபடி படித்து ‘ஏ’ வாங்கினாலும், பெரும்பாலான எம்.டி. கல்லூரிகளுக்கு விண்ணப்பம் கொண்டுசேர்க்கும் ஏ.எம்.சி.ஏ.எஸ். இரண்டையும் சேர்த்தே ஜி.பி.ஏ. போடும். எம்கேட் நுழைவுத் தேர்வில் 528க்கு 528 எடுத்தவரையும் அந்த ‘சி’ பின்தொடரும். பாடத்தின் கீர்த்தியும் லேசானதல்ல. 2022இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ 350 பேர் படித்த வகுப்பில் 82 பேர் பாடம் மிகக் கடினமென்று மனுவில் கையெழுத்திட்டார்கள்; வகுப்பை நடத்திய, அந்தப் பாடத்துக்கே நூல் எழுதிய மெயிட்லண்ட் ஜோன்ஸின் வேலை போயிற்று. மனுவில் அவர்கள் அதைக் கேட்கவே இல்லை என்பது தனிக்கதை.

இனி விடைகள். இவற்றை வகைப்படுத்தப் புதுக் கோட்பாடு எதற்கு? நன்னூலின் பத்துக் குற்றங்களே தாராளம். “கஷ்டமாக இருந்தது” என்று நிறுத்துவது குன்றக்கூறல். காலை எட்டு மணி வகுப்பு, அறைத்தோழனின் கிதார், பேராசிரியரின் உச்சரிப்பு என்று அடுக்குவது மிகைபடக்கூறல். “எதிலும் துளிப் பிழை பொறுக்க மாட்டேன், அதுதான் என் குறை” என்பது மாறுகொளக்கூறல். ‘சி’ வாங்கியவர் சொல்லக் கூடாதது. ஆனால் அதிகம் காணக் கிடைப்பது சென்றுதேய்ந்திறுதல்: மிடுக்காகத் தொடங்கி, நடுவில் குரல் இறங்கி, “அதனால... ஆமா... அவ்வளவுதான்” என்று கரையும். ஜூம் நேர்காணலில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டிய மஞ்சள் துண்டுச் சீட்டில் வரி தீர்ந்துபோன இடம் அது.

குற்றமற்ற விடையும் உண்டு. “வினைகளைப் புரிந்துகொள்ளாமல் மனப்பாடம் செய்தேன். முதல் தேர்விலேயே சறுக்கியும் யாரிடமும் கேட்கவில்லை. அடுத்த பருவத்தில் வாரந்தோறும் பேராசிரியர் அறைக்குப் போனேன். பயோகெமிஸ்ட்ரியில் ‘ஏ’ வந்தது.” நான்கே வாக்கியம். மாணவர்களைக் கவிழ்ப்பது ஐந்தாவது.

அற்றேல், மதிப்பெண் கையிலிருக்க எதற்குக் கேட்கிறார்கள்? மருத்துவமனைகளில் ‘எம் அண்ட் எம்’ என்றொரு கூட்டம் நடக்கும். நோயாளிக்கு நேர்ந்த கேட்டில் எது எங்கே பிசகியது என்று சக மருத்துவர்கள் முன் எழுந்து சொல்ல வேண்டும். அறைத்தோழனின் கிதார் அங்கே எடுபடாது. இந்தக் கேள்வி அதற்கான ஒத்திகை என்பது எம் துணிபு.

புறனடையாக ஒன்று. சில கல்லூரிகளில் நேர்காண்பவருக்கு மதிப்பெண்களைக் காட்டுவதே இல்லை. அங்கும், யாரும் கேளாமலே, “அந்த ‘சி’யைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன்” என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. எதிரில் இருப்பவர் அப்போதுதான் பேனாவைத் திறக்கிறார்.