ஜூலை நான்கும் குரோஷா ஊசியும்: ஓர் ஆராய்ச்சி

குவளைக்கு அடியில் வைக்க நட்சத்திரக் கோஸ்டர், வாசலுக்குச் சிறுகொடித் தோரணம், குழந்தைத் தலைக்கு மூவண்ணக் குல்லாய். ஜூலை 4 விடுதலை நாளை முன்னிட்டு ஜூன் பிறந்ததுமே அமெரிக்க வீடுகளில் பெருகும் இந்த 'விரைவுப் பின்னல்' பொருள்களுக்கு ஒரே பொது இலக்கணம், ஒரு மாலைக்குள் முடிந்துவிடும் என்ற நம்பிக்கை. முடியுமா என்பதே ஈண்டு ஆய்பொருள்.

முதலில் கணக்கு. அமெரிக்கக் கொடியில் பட்டைகள் 13. சிவப்பு 7, வெள்ளை 6. ஹவாய் சேர்ந்த பின், 1960 ஜூலை 4 முதல் நட்சத்திரங்கள் 50. பட்டைக்குப் பட்டை நூலை அறுத்து மாற்றினால் இரண்டு வால் வீதம் 26; நட்சத்திரங்களுக்கு 100; நீலக் கட்டத்துக்கு 2. ஆக 128 நூல்வால்கள். ஒவ்வொன்றையும் மழுங்கிய ஊசியில் கோத்துப் பின்பக்கம் ஒளிக்க வேண்டும். 'ஒரு மாலை' என்றவர் துருவப் பிரதேசத்து மாலையைச் சொல்லியிருப்பார் என்பது எம் துணிபு.

ஆகவே பண்டிகை நெருங்க நெருங்க நட்சத்திரம் குறையும் என்பது இத்துறையின் முதல் விதி. ஜூன் முதல் வாரம் ஐம்பது நட்சத்திரப் போர்வைக்கு நூல் வாங்கியவர், மூன்றாம் வாரம் பதின்மூன்று போதும் என்பார். 1777-இல் அமெரிக்கக் காங்கிரஸ் வகுத்த கொடியில் அத்தனைதானே என்று வரலாற்றையும் சாட்சிக்கு இழுப்பார். ஜூலை 3 இரவு ஒன்றே ஒன்று மிஞ்சும். கேட்டால் டெக்சாஸ் கொடி என்று சொல்லிக்கொள்ளலாம்.

அந்த ஒன்றை இகழ வேண்டாம். நூலை விரலில் வளையமாகச் சுற்றி, உள்ளே பத்துக் கண்ணி போட்டு இழுத்து முடியுங்கள். அடுத்து நான்கு சங்கிலிக் கண்ணி. திரும்பி வரும்போது முனையில் குட்டை, அடியில் நெட்டை என்று மூன்று கண்ணி. வளையத்தில் ஒன்றை விட்டு அடுத்ததில் பூட்டு. ஐந்து தடவை செய்தால் ஐந்து முனை. எல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டு நிற்கும். நனைத்து, குண்டூசி குத்திக் காயவைத்தால் படியும். நூல் பருத்தியாகவே இருக்கட்டும். அக்ரிலிக் நூல் குளிர்ந்த குவளையின் வியர்வையைக் குடிக்காது. சூடான பாத்திரம் பட்டால் உருகியும் போகும். சிவப்பு நூலை முன்கூட்டியே அலசிப் பார்க்காதவர் வீட்டில் சாயம் இறங்கி, கொடி சிவப்பு, இளஞ்சிவப்பு, நீலம் என்றாகும். அப்படியொரு நாட்டை ஐ.நா. இன்னும் அங்கீகரிக்கவில்லை.

இனிச் சட்டம். 1942-இல் காங்கிரஸ் ஏற்ற கொடி நெறிப்படி கொடியை உடையாக அணியலாகாது. திண்டு, கைக்குட்டை போன்றவற்றில் அதைப் பூத்தையலாக இடலாகாது. தூக்கி எறியும் காகிதத் துடைப்பான்களில் அச்சிடவும் கூடாது. அற்றேல் குரோஷாத் திண்டும் விலக்குண்டதோ எனின், அன்று. 'போன்றவை' என்பது பொருளைத் தழுவி வந்தது, தொழிலைத் தழுவியன்று. பூத்தையலைத்தான் தடுத்தார்கள், பின்னலை மறந்தார்கள். குல்லாயோ எனின், கொடியே குல்லாயானால் பிழை, கொடியின் நிறம் குல்லாயானால் பிழையில்லை. மீறியவர்க்கு இந்த நெறி தண்டனை ஏதும் சொல்லவில்லை. ஜூலை நான்கில் அமெரிக்கக் கடற்கரையில் உலவும் அரைக்கால் சட்டைகளைக் கண்டவர்க்கு இதற்குச் சான்று வேண்டியதில்லை.

விடுதலைக்கும் நூலுக்கும் என்ன உறவு என்று மறுப்பாரும் உளர். 1767-இல் குடியேற்றங்கள் மீது பிரிட்டன் விதித்த டவுன்ஷெண்ட் வரிகள் வந்ததும் பிரிட்டிஷ் சரக்கைப் புறக்கணித்து, நியூ இங்கிலாந்துப் பெண்கள் பாதிரியார் வீடுகளில் கூட்டமாகக் கூடி நூல் நூற்றார்கள். விடுதலைப் பிரகடனத்துக்கு மை தொடும் முன்னரே ராட்டினம் சுற்றிவிட்டது.

எஞ்சுவது ஒரே கேள்வி: ஜூலை 4 விடிந்தும் வேலை முடியாவிட்டால்? பிலடெல்பியாவில் காங்கிரஸ் விடுதலைக்கு வாக்களித்தது 1776 ஜூலை 2. அந்த நாளையே சந்ததியினர் கொண்டாடுவார்கள் என்று வாக்களித்தவருள் ஒருவரான ஜான் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதினார். ஜூலை 4 பிரகடன வாசகத்தை ஏற்ற நாள். பெரும்பாலோர் கையெழுத்திட்டதோ ஆகஸ்ட் 2. எனவே அதுவரை பின்னிக்கொண்டிருப்பவரைக் குறைசொல்ல எவர்க்கும் உரிமையில்லை. அதையும் தாண்டினால் நீலத்தை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு, மிச்சத்தைக் கிறிஸ்துமஸ் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.